ஐந்து தோட்டா போதாது ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் துப்பாக்கி சுடும் விளையாட்டைப் பற்றி ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தீர்கள். நன்றாகத்தான் இருந்தது. ஸ்வப்னில் குசாலே 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டரில் வெண்கலம் வாங்கியது, நம் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது ஆர்வமாகப் பழகுவது என்று எல்லாம் சரி. ஆனால் அடியில் ஒரு பெட்டிச் செய்தி. அமெரிக்காவில் ஒருவர் தன் ரைஃபிளுக்குத் தோட்டாவை வீட்டிலேயே தயாரித்து, ஐந்து தோட்டா சுட்டுப் பார்த்தாராம், வேகத்தின் திட்டவிலக்கம் (ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து எவ்வளவு முன்னே பின்னே போகிறது என்ற அளவு) நொடிக்கு ஐந்தடிதான் வந்ததாம், ஆகவே அது 'இயந்திரத் துல்லியம்' என்று முடித்திருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நீளம் என்றால் வெட்டிப் போடுங்கள், கணக்கை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் துப்பாக்கி பிடித்தவன் இல்லை. மதுரையைச் சுற்றியுள்ள நூற்பாலைகளில் முப்பத்தோரு வருடம் லேபில் வேலை பார்த்தவன். என் கையில் இருந்தது ராப் ரீல். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், பாபினிலிருந்து 120 கஜம் நூலை அந்தச் சக்கரத்தில் சுற்றி எடுப்போம், அதற்கு ஒரு லீ என்று பெயர், அதை எடை போட்டு 64.8-ஐ அந்த கிராம் எடையால் வகுத்தால் நூலின் நம்பர் கிடைத்துவிடும். 1.62 கிராம் இருந்தால் நாற்பதாம் நம்பர், நம்பர் கூடக்கூட நூல் மெல்லிசு. இப்படி ஒரு ஷிப்டுக்கு எத்தனை லீ சுற்றியிருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை, வலது தோள்பட்டை வைத்திருக்கிறது.

அந்த வேலையில் நான் படித்த முதல் பாடம் செல்லூரிலிருந்து வந்தது. ஒரு தறிக்காரர் நெய்த துணியை மடித்து எடுத்துக்கொண்டு நேராக மில் வாசலுக்கு வந்துவிட்டார். துணியை விரித்தால் பட்டை பட்டையாக ஓடுகிறது, ஒரு சாண் அடர்த்தி, ஒரு சாண் சல்லடை. எங்கள் மேலாளர் லேப் நோட்டைத் திருப்பிக் காட்டினார், சராசரி 40.1, இதில் என்ன குறை என்றார். அந்த மனிதர் நோட்டைப் பார்க்கவே இல்லை. "சராசரியை வச்சு நான் நெய்யலைய்யா, நூலை வச்சுத்தான் நெஞ்சேன்" என்றார். ஒரு ரிங் ஃப்ரேமிலிருந்து (நூல் நூற்கிற இயந்திரம்) முப்பத்தெட்டும் இன்னொன்றிலிருந்து நாற்பத்திரண்டுமாக வந்து, இரண்டும் சேர்ந்து சராசரியில் அழகாக நாற்பது ஆகியிருந்தது. அன்றிலிருந்து யாராவது சராசரியைச் சொன்னால் எனக்கு அடுத்த கேள்வி வந்துவிடும். எவ்வளவு முன்னே பின்னே, எத்தனை எடுத்துப் பார்த்தீர்கள்.

சரி, துப்பாக்கிக்கு வருகிறேன். என் மகள் டெக்சாஸில் இருக்கிறாள். ஓய்வு பெற்றபின் நானும் வீட்டுக்காரியும் ஆறு மாதம் போய் இருந்துவிட்டு வந்தோம். வெயில் என்னவோ நம் சித்திரை வெயில்தான், நடந்து போய் ஒரு டீ குடிக்கத்தான் வழியில்லை. மாப்பிள்ளைக்கு அங்கே ரைஃபிள் சுடுவது பொழுதுபோக்கு, சனிக்கிழமையானால் ரேஞ்சுக்குப் போய்விடுவார். தோட்டாவைக் கடையில் வாங்காமல் கார் ஷெட்டில் ஒரு மேசை போட்டு அவரே தயாரிக்கிறார். அந்த நாட்டில் அது சட்டப்படி செய்யக்கூடிய காரியம், அதற்கென்றே சாமான்கள் கடையில் விற்கின்றன. சுட்டு முடித்த பித்தளைக் கேஸை, அதாவது தோட்டாவின் கூட்டை, எடுத்துத் துடைத்து, அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் தட்டினால் தீப்பொறி தருகிற புது ப்ரைமரை அழுத்தி, வெடிமருந்தை எடை போட்டுக் கொட்டி, மேலே குண்டை வைத்து அமுக்கினால் மறுபடி ஒரு தோட்டா. இதைப் படித்துவிட்டு இங்கே யாரும் கையைச் சொறிய வேண்டாம். 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். சிவகாசிக்குப் பக்கத்தில் குடியிருக்கிற நமக்கு மருந்து என்ன செய்யும் என்று தனியாகச் சொல்லித்தரவும் வேண்டியதில்லை.

முதல் நாள் அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்தபோது தராசில் ஏதோ ஓர் எண் ஓடிக்கொண்டிருந்தது. கிராமா என்று கேட்டேன். "இல்ல மாமா, கிரெயின். மருந்தெல்லாம் கிரெயின்லதான்" என்றார். ஒரு கிரெயின் எத்தனை என்றேன். 64.8 மில்லிகிராம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வாழ்க்கை முழுக்க வகுத்துக்கொண்டிருந்த அதே எண்! காரணம் இல்லாமல் இல்லை. 120 கஜம் 1000 கிரெயின் இருந்தால் அது ஒன்றாம் நம்பர் நூல் என்று பழைய இங்கிலாந்துக் கணக்கு, ஆயிரம் கிரெயின் 64.8 கிராம். துப்பாக்கிக்காரனும் நூற்பாலைக்காரனும் ஒரே படிக்கல்லை வைத்துத்தான் இத்தனை நாள் எடை போட்டிருக்கிறோம். அதன் பிறகு ஷெட்டில் எனக்கு ஒரு நாற்காலி நிரந்தரமாகிவிட்டது.

அவர் 0.1 கிரெயினுக்கே கவலைப்படுவார். 0.1 கிரெயின் என்றால் ஆறரை மில்லிகிராம். தெற்காவணி மூல வீதியில் பழைய ஆசாரிகளுக்குக் குண்டுமணிக் கணக்கு தெரியும், ஒரு குண்டுமணி சுமார் 120 மில்லிகிராம், அதைப் பத்தொன்பதாகப் பிரித்தால் வருகிற ஒரு துண்டு. சமையல்கட்டுக் கணக்கில் ஒரு குருணை. அவருடைய ரைஃபிளில் அந்தக் குருணை கூடினால் குண்டின் வேகம் நொடிக்குச் சுமார் ஐந்தடி கூடும், குறைந்தால் குறையும். குண்டு போகிற வேகமோ 2600 அடி. 2600-ல் ஐந்து எங்கே தெரியப்போகிறது என்று நினைப்பீர்கள். தெரியும், ஆனால் எல்லா இடத்திலும் தெரியாது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வேகத்தை அளக்க அவரிடம் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி. டாப்ளர் ரேடார். துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்தால் போதும், ஒவ்வொரு வேட்டுக்கும் எண் காட்டிவிடும். அதற்கு முன்னால் இரண்டு ஒளிக்கண்களுக்கு மேலே குண்டு போகிற மாதிரி ஒரு கருவி வைத்துச் சுடுவார்களாம், மேகம் மறைத்தால் ஓர் எண், வெயில் சாய்ந்தால் ஓர் எண் என்று அது படுத்தி எடுக்குமாம். இதற்கெல்லாம் தாத்தா ஒருவர் இருக்கிறார். பெஞ்சமின் ராபின்ஸ் என்ற வெள்ளைக்காரர், தொங்கவிட்ட கனமான ஊசலில் குண்டைப் பாய்ச்சி அது எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதை வைத்து வேகத்தைக் கணக்குப் போட்டு 1742-ல் எழுதி வெளியிட்டவர். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராகக் கோட்டை கட்ட நம் கரைக்கு வந்து, 1751-ல் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் செத்துப்போனார். குண்டின் வேகத்தை உருப்படியாக முதலில் அளந்த மனிதர் கடைசி மூச்சு விட்டது தேவனாம்பட்டினத்துக் கடற்காற்றில். உங்கள் கட்டுரையில் சேர்த்திருக்க வேண்டியது அந்தச் செய்திதான் என்று எனக்குத் தோன்றியது, அது வேறு விஷயம்.

ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போனேன். காதில் மஃப் மாட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்து எண்களை நோட்டில் எழுதுவது என் வேலை. 2604, 2611, 2598, 2607, 2600. சராசரி 2604. அதிகத்துக்கும் குறைவுக்கும் வித்தியாசம் 13. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் போடுகிற திட்டவிலக்கம்தான், ஒரு மாற்றம், பள்ளிக்கூடத்தில் ஐந்தால் வகுப்பார்கள், மாதிரி எடுத்துப் பார்க்கிற எங்கள் தொழிலில் ஒன்று குறைத்து நாலால் வகுப்போம். 5.2 வந்தது. மாப்பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆறாவது தோட்டாவை உள்ளே தள்ளி மூடிவிட்டு, என் பக்கம் தலையைத் திருப்பி, "பாத்தீங்களா மாமா, அஞ்சு! ஃபேக்டரிக்காரன்கூட இப்படிக் குடுக்க மாட்டான்" என்று ஆரம்பித்து, கேஸின் கழுத்தை எப்படிச் சூடுகாட்டிப் பதப்படுத்தினார், புதுத் தராசு எத்தனை டாலர் என்று சொல்லி முடிக்க ரெண்டு நிமிஷத்துக்கு மேல் ஆனது. துப்பாக்கி வாய் என்னவோ குறிப்பக்கமே பார்த்தபடி இருந்தது, அந்த விஷயத்தில் அவர் கெட்டி. அப்புறம் சுட்டார். 2628.

எழுதப்போன என் கையைப் பிடிக்காத குறை. "மாமா, அதை எழுதாதீங்க. ஃப்ளையர், தப்பிப் போனது. கை ஆடிருச்சு."

"கை ஆடினா குறி தவறும் மாப்பிள்ளை. வேகம் எப்படிங்க கூடும்?"

பதில் இல்லை. நான் எழுதிவிட்டேன். ஆறையும் சேர்த்துப் போட்டால் சராசரி 2608, திட்டவிலக்கம் 10.9. ஒரே ஒரு தோட்டா, அவருடைய பெருமை பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. முகம் அப்படியே எங்கள் பழைய மேலாளர் முகம்.

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. நானும் தள்ளியவன்தான். லேபுக்குப் போன புதிதில் இருபது லீ எடை போட்டால் ஒன்று எங்கேயாவது எகிறி நிற்கும், சுற்றும்போது ஏதோ தப்பு பண்ணியிருப்போம் என்று அதைக் கழித்துவிட்டு இன்னொன்று சுற்றி எழுதிவிடுவேன், மேலே இருப்பவர்களுக்கும் அந்த நோட்டுதான் பிடிக்கும். செல்லூர்க்காரர் துணியை விரித்தபோதுதான் எனக்கு உறைத்தது, நான் கழித்துப் போட்ட லீ எல்லாம் அந்தத் துணியில் உட்கார்ந்திருந்தது. ஒரு லீயைத் தள்ள வேண்டுமானால் காரணத்தைக் காட்டிவிட்டுத் தள்ள வேண்டும், ரீலில் சுற்று எண்ணிக்கை தப்பியது, முடிச்சு விழுந்தது என்று ஏதாவது. பிடிக்கவில்லை என்பது காரணம் ஆகாது.

இப்போது உங்கள் பெட்டிச் செய்திக்கு வருகிறேன். ஐந்து தோட்டாவில் திட்டவிலக்கம் ஐந்து என்றால் அந்தத் தோட்டா உண்மையிலேயே ஐந்து என்று பொருள் இல்லை. கணக்கு இது. ஐந்தை மட்டும் வைத்துப் பார்த்தால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதியோடு நாம் சொல்ல முடிந்ததெல்லாம், உண்மையான விலக்கம் 3-லிருந்து 14-க்குள் எங்கேயோ இருக்கிறது என்பதுதான். பத்து என்று வந்திருந்தால் 6-லிருந்து 29 வரை. இது அளவா? ஜோசியக்காரர்கூட இதைவிடக் குறுக்கிச் சொல்வார். முப்பது சுட்டுப் பத்து வந்தால் 8-லிருந்து 13.4 வரை என்று ஓரளவு பிடிக்குள் வரும். ஐந்துக்கும் முப்பதுக்கும் அவ்வளவு வித்தியாசம்.

அதிகத்துக்கும் குறைவுக்கும் உள்ள இடைவெளியைச் சொல்கிறவர்கள் இன்னும் மோசம். தரக்கட்டுப்பாட்டு லேபில் வேலை பார்த்த எல்லாருக்கும் 2.326 என்ற எண் மனப்பாடம், ஐந்தைந்தாக எடுத்தால் அந்த இடைவெளி சராசரியாகத் திட்டவிலக்கத்தைப் போல 2.326 மடங்கு இருக்கும், அதை வைத்துத்தான் சுவரில் சார்ட் போடுவோம். பத்து எடுத்தால் 3.078 மடங்கு, முப்பது எடுத்தால் 4 மடங்குக்குக் கொஞ்சம் மேலே. அதாவது ஒரே தோட்டா, ஒரே துப்பாக்கி, விலக்கம் பத்து என்றே வைத்துக்கொண்டாலும் ஐந்து சுடுகிறவருக்கு 23 அடி இடைவெளி, முப்பது சுடுகிறவருக்கு 41 அடி. குறைவாகச் சுட்டவர் கெட்டிக்காரராகத் தெரிவார். நிறையச் சுட்டு உண்மையைச் சொன்னவர் தலைகுனிய வேண்டியிருக்கும். எத்தனை சுட்டது என்று எழுதாமல் இடைவெளியை மட்டும் எழுதுவது, எத்தனை பேருக்குச் சமைத்தது என்று சொல்லாமல் எத்தனை படி அரிசி போட்டோம் என்று சொல்கிற மாதிரி.

மாப்பிள்ளையின் பழைய நோட்டுகளையும் வாங்கிப் பார்த்தேன், சும்மா இருக்க முடியவில்லை, மகள் திட்டினாள். அதில் இன்னொரு வேடிக்கை. மருந்தை 0.2 கிரெயின், 0.2 கிரெயினாக ஏற்றிக்கொண்டே போய் ஒவ்வொரு படியிலும் மூன்று மூன்று சுட்டிருக்கிறார். படிக்குப் பத்தடி வேகம் ஏற வேண்டும். ஏறிக்கொண்டே வந்து ஓரிடத்தில் இரண்டு படிகளுக்கு வேகம் ஏறாமல் சமமாக நிற்கிறது. அதைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு, அதுதான் நல்ல இடம், அங்கே மருந்து கொஞ்சம் முன்பின் ஆனாலும் வேகம் மாறாது என்று எழுதி வைத்திருக்கிறார். அங்கே பலர் நம்புகிற விஷயமாம் அது. நான் கேட்டேன், தோட்டாவுக்குத் தோட்டா விலக்கம் பத்து என்றால் மூன்றின் சராசரியே ஆறடி ஆடும், இரண்டு சராசரிகளின் வித்தியாசம் எட்டடிக்கு மேல் ஆடும், அதில் பத்தடி ஏற்றம் காணாமல் போவது என்ன அதிசயம்? மறுபடி சுட்டுப் பாருங்கள், அதே இடத்தில் நிற்கிறதா என்று. சுட்டார். இன்னொரு இடத்தில் நின்றது. மூன்றாம் தடவை எங்கேயும் நிற்கவில்லை. சிவப்பு மை பேனாவை மகள் எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள் என்பது உபரிச் செய்தி.

தராசு விஷயம் இதைவிடக் காசு சம்பந்தப்பட்டது. 0.02 கிரெயின் வரை காட்டுகிற தராசு ஒன்று வாங்கியிருந்தார், விலையைக் கேட்டு வீட்டுக்காரி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் மில் கணக்கையே சொன்னேன். தனித்தனிக் காரணங்களால் வருகிற ஆட்டம் நேராகக் கூடாது, வர்க்கத்தில்தான் கூடும். மொத்த விலக்கம் பத்து, அதில் மருந்து எடையால் வருவது ஐந்து என்று வையுங்கள். நூறிலிருந்து இருபத்தைந்து போனால் எழுபத்தைந்து, அதன் வர்க்கமூலம் 8.7. அதாவது எடைப்பிழையைச் சுத்தமாக ஒழித்துக்கட்டினாலும் பத்து 8.7 ஆகும், அவ்வளவே. மீதி எங்கே இருக்கிறது? கேஸின் கழுத்து குண்டைப் பிடிக்கிற இறுக்கம் ஒன்றுக்கொன்று மாறுவதில், கேஸின் உள்கொள்ளளவில், ப்ரைமர் எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதில், மருந்தின் ஈரத்தில். ஈரம் என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது, பஞ்சு ஈரம் இழுத்தால் எடை பொய் சொல்லும் என்பதற்காகத்தானே லேபில் காற்றின் ஈரத்தை அறுபத்தைந்து சதவீதத்தில் கட்டி வைப்போம், மருந்தும் காய்ந்தால் வேறு மாதிரி எரியும், ஈரம் இழுத்தால் வேறு மாதிரி எரியும்.

எல்லாவற்றையும்விடச் சூடு. சில வகை மருந்துகளில் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் கூடினால் வேகம் ஓரடி வரை கூடும். காலையில் 70, மத்தியானம் 100 என்றால் முப்பதடி கையிலிருந்து போய்விடும், குருணையைக் குருணையாக எண்ணிப் போட்டதெல்லாம் வீண். சூட்டுக்கு அதிகம் அசையாத மருந்து வகைகளும் அங்கே விற்கிறார்கள், அசையவே அசையாது என்று யாரும் எழுதித்தருவதில்லை.

இங்கேதான் அந்த ஆறாவது தோட்டா ஞாபகத்துக்கு வந்தது. ஐந்து சுட்டுக் குழல் கொதிக்கிற நேரத்தில் ஆறாவதை உள்ளே வைத்து மூடிவிட்டு என்னிடம் தராசுப் புராணம் சொல்லிக்கொண்டிருந்தார் அல்லவா, அந்த ரெண்டு நிமிஷமும் தோட்டா அடுப்பில் வைத்த பால் மாதிரி உள்ளே சூடேறிக்கொண்டிருந்திருக்கிறது. சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் வேண்டுமென்றே ஐந்து சுட்டபின் ஒன்றை உள்ளே ரெண்டு நிமிஷம் விட்டுச் சுட்டார். இப்படி மூன்று தடவை, மூன்றிலும் வேகம் கூடுதல். "மாமா, கண்டுபிடிச்சிட்டீங்க!" என்றார். மூன்று போதாது மாப்பிள்ளை என்று நானே சொல்ல வேண்டியதாயிற்று. ஆனாலும் அன்றைக்கு நோட்டில் எழுதாமல் விட்டிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

இதெல்லாம் குறியில் என்ன மாற்றம் செய்யும் என்று கேட்பீர்கள். 100 கஜத்தில் ஒன்றுமில்லை, பத்தடி வேக வித்தியாசத்துக்குச் சுமார் அரை மில்லிமீட்டர்தான் வரும். அங்கே சுட்டுவிட்டு எல்லாம் ஒரே ஓட்டையில் விழுந்தது, ஆகவே வேகமும் ஒரே சீர் என்று சொல்கிறவர் தெரியாமல் சொல்கிறார். 1000 கஜம் போங்கள், கிட்டத்தட்ட ஜங்ஷனிலிருந்து மேலக்கோபுரம் வரை உள்ள தூரம், அங்கே அதே பத்தடி மூன்று நான்கு அங்குலம் மேலே கீழே ஆகும், ஐம்பதடி என்றால் ஒன்றரை அடி. அதே தூரத்தில் குறுக்கே மணிக்கு ஒரு மைல் காற்று கூடுதலாக அடித்தால் எட்டு ஒன்பது அங்குலம் பக்கவாட்டில் தள்ளிவிடும். மணிக்கு ஒரு மைல் காற்று என்பது ஊதுவத்திப் புகை சாய்கிற காற்று. நம் ஆடிக்காற்றை நினைத்துப் பாருங்கள். பத்தை எட்டாக்குவதற்கு ஆயிரம் டாலர் செலவு செய்கிறவர் காற்றைப் படிக்கக் கற்றுக்கொண்டால் அதிகம் மிச்சம் என்று நான் சொன்னதை மகள் மட்டும் ஆமோதித்தாள்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் வேலை இருக்கிறது, அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். 50 மீட்டரில் சுடுகிற .22 தோட்டாவை யாரும் வீட்டில் நிரப்ப முடியாது, அதன் மருந்து விளிம்பிலேயே தட்டி வெடிக்கிற மாதிரிக் கம்பெனியில் செய்வது. ஆகவே போட்டிக்காரர்கள் செய்வது லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) பார்த்து வாங்குவது. பெட்டி மேல் ஒரு லாட் எண் இருக்கும், ஒரே பெயர், ஒரே விலை, லாட் மாறினால் நடத்தை மாறும், தன் துப்பாக்கிக்கு எந்த லாட் ஒத்துவருகிறது என்று சுட்டுப் பார்த்து, ஒத்துவந்ததை மொத்தமாக எடுத்து வைத்துக்கொள்வார்கள். அந்தக் குறியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். வேகம் ஒரு சதவீதம் குறைந்தால் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் கீழே இறங்கும். பையனுடைய கை அசையாமல் இருந்தும் ஒன்பது விழலாம், தன்னைத்தானே நொந்துகொள்வான். தோட்டா விலை கொஞ்சநஞ்சம் இல்லை, ஆகவே ஐந்து சுட்டு இது நல்ல லாட் என்று முடிவு கட்டுவதற்குத்தான் எல்லாருக்கும் மனம் வரும். ஐந்து சுட்டு லாட் எடுப்பது சீட்டுக் குலுக்கி எடுப்பதற்குச் சமம். குறைந்தது இரண்டு லாட்டை மாற்றி மாற்றி, முப்பது முப்பதாவது சுட்டு, ஒன்றையும் தள்ளாமல் எழுதிப் பார்க்க வேண்டும். நாலு பேர் சேர்ந்து செலவைப் பிரித்துக்கொள்ளலாம். கணக்குப் போட ஆள் வேண்டுமென்றால் திருநகரில் நான் சும்மாதான் இருக்கிறேன்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். இனிமேல் இந்த மாதிரிச் செய்தி போடும்போது எத்தனை சுட்டது, எத்தனை தள்ளியது என்று அடைப்புக்குறிக்குள்ளாவது போடச் சொல்லுங்கள். இரண்டு எண்தான், இடம் அடைக்காது.

ஊருக்குக் கிளம்புகிற அன்று சுட்ட வெறும் கேஸ் ஒன்றை ஞாபகத்துக்கு எடுத்துவரலாமா என்று கேட்டேன், பளபளவென்று சின்னச் சொம்பு மாதிரி அழகாக இருக்கும். மாப்பிள்ளை பதறிவிட்டார், "விமான நிலையத்துல உங்களப் புடிச்சு வச்சுக்குவாங்க மாமா" என்று பையைத் திரும்பத் திறந்து பார்த்தார். நோட்டை மட்டும் கொடுத்துவிட்டார்.

நேற்று விடிகாலை நாலரைக்கு வாட்ஸ்அப் வந்தது. முப்பது சுட்டாராம். 11.2. எதையும் தள்ளவில்லையே என்று திருப்பிக் கேட்டேன். ரொம்ப நேரம் 'டைப்பிங்' என்றே காட்டிக்கொண்டிருந்தது. பிறகு வந்தது: "ஒன்னே ஒன்னு மாமா. ஆனா எழுதி வச்சிருக்கேன்."

இப்படிக்கு,
பழைய மில் லேப்காரன்,
திருநகர், மதுரை.